டல் என்று எழுதிய தம்பிக்கு

மூங்கிலோடைத் தோட்டம்,
அக்கரப்பத்தனை.
12.05.1996

தம்பி யோகேஸ்வரனுக்கு,

நலம், நலமறிய அவா என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது. இழுத்துப் பிடித்துக்கொண்டேன். இங்கே யாரும் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீ.

தேயிலை ருசி பார்க்கிற உங்கள் கொழும்புக் கம்பனியிலிருந்து ரிப்போர்ட் நேற்று வந்தது. பெரிய துரை உன் மச்சானை ஆள் அனுப்பி ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அங்கே கிளாக்கர் நிற்கிறார், மலை பார்க்கிற கண்டாக்கு ஐயா நிற்கிறார், துண்டுச் சீட்டு வாங்க வந்த பொம்பளைகள் நாலு பேர் வாசலில் நிற்கிறார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் துரை அந்தத் தாளை ஆட்டி, "நல்லமுத்து, இது மூணாவது தரம். மூணு தரமும் ஒரே சொல்லு. டல், டல், டல்! நீ தேயிலை போடுறியா, தூங்குறியா?" என்று கேட்டிருக்கிறார். இன்னும் இரண்டு ரிப்போர்ட் பார்ப்பாராம். அதிலும் இதே சொல் வந்தால் வேறு டீமேக்கர் போட்டுவிடுவாராம். வேறு டீமேக்கர் வந்தால் இந்த வீடு அவருக்கு. நாங்கள் பிள்ளைகளையும் சட்டி பானையையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

மனுசன் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தவர்தான். சோறு வேண்டாம் என்றார். டீ வேண்டாம் என்றார். கொழுந்தை அரைத்துத் தேயிலையாக்குகிற இந்த ஸ்டோரில் இருபத்திரண்டு வருஷமாகத் தேயிலையோடு தேயிலையாகக் கிடந்தவர், டீ வேண்டாம் என்கிறார்!

நான் மூத்தவளின் அகராதியை எடுத்துப் பார்த்தேன். டல் என்றால் மந்தமான, மங்கலான, மழுங்கிய, உற்சாகமற்ற, அறிவுக் கூர்மை இல்லாத என்று வரிசையாகப் போட்டிருக்கிறான். இதில் எது என் புருஷன்? நீயே சொல்.

அதோடு விட்டதா? மச்சான் அந்தத் தாளின் நகலை மடித்துச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். கீழே மூலையில் சின்ன எழுத்தில், டைப் அடித்தவர் பேரின் முதலெழுத்து. அது உன் எழுத்து என்று எனக்குத் தெரியாதா? சொந்த அக்கா புருஷனை மூன்று மாதமாக மந்தம் என்று டைப் அடித்துத் தபாலில் போட்டிருக்கிறாயே, உன் கை கூசவில்லையா?

பதில் போடு.

உன் அக்கா,
சண்முகவடிவு

---

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
19.05.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மச்சானும் பிள்ளைகளும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கழித்துத்தான் இதை எழுதுகிறேன். உடனே எழுதியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

அக்கா, அந்தச் சொல் மச்சானைச் சொன்னதில்லை. தேயிலையைச் சொன்னது. அதை நான் சொல்லவும் இல்லை. எங்கள் டேஸ்டர் ஐயா, மாத்தயா என்றுதான் கூப்பிடுவோம், அவர் சொல்கிறார், நான் எழுதுகிறேன். இங்கே நீள மேசையில் ஒவ்வொரு தேயிலைக்கும் ஒரு வெள்ளைக் கோப்பை இருக்கும். ஊறிய இலையை மூடியில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். மாத்தயா முதலில் இலையைப் பார்ப்பார். பிறகு சாயத்தைப் பார்ப்பார். கடைசியில்தான் கரண்டியில் அள்ளிச் சர்ரென்று உறிஞ்சித் துப்புவார். துப்பியதும் ஒரு சொல் வரும். நான் பென்சிலோடு பக்கத்திலேயே நடந்து அதை எழுதிக்கொள்ள வேண்டும். அவருக்கு மச்சானையும் தெரியாது, உன்னையும் தெரியாது.

நீ பார்த்தது பள்ளிக்கூடத்து அகராதி. அதில் அந்தச் சொல்லுக்குப் பத்து வேலை. இங்கே அதற்கு ஒரே ஒரு வேலைதான். ருசியில் விசேஷம் இல்லாவிட்டால் 'பிளேன்' என்பார். சாயம் கனமில்லாவிட்டால் 'தின்'. பழசாகிப்போனால் 'ஃபிளாட்'. டல் என்றால் இதில் எதுவும் இல்லை. ஒளி இல்லை, அவ்வளவுதான். புளி போட்டுத் தேய்த்த செம்பையும், ஒரு வாரமாகத் தேய்க்காத செம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். செம்பு அதே செம்புதான். நல்ல தேயிலையின் ஊறின இலை தேய்த்த செம்பு மாதிரி இருக்க வேண்டும். மச்சானின் தேயிலை இப்போது அப்படி இல்லை.

ஒன்று மட்டும் மச்சானிடம் கேட்டுப் பார். பெப்ரவரி வரைக்கும் உங்கள் தோட்டத்துக்கு இந்தச் சொல் வரவே இல்லை. பழைய ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மார்ச்சில் அங்கே என்ன மாறியது?

தம்பி,
யோகேஸ்வரன்

---

மூங்கிலோடை,
27.05.1996

தம்பிக்கு,

நான் அழுது எழுதினேன். நீ பாடம் நடத்தியிருக்கிறாய். செம்பு தேய்க்க எனக்கு நீ சொல்லித்தர வேண்டுமாக்கும்!

உன் கேள்வியை மச்சானிடம் கேட்டேன். "மார்ச்சுல என்ன மாறுச்சாம்?" என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒண்ணும் மாறல. அடுத்தவன் சொன்னதை எழுதிக்கிட்டு இருக்கச் சொல்லு அவனை" என்றார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்க முடியவில்லை.

ஒரு சொல் என்பதும் தப்பு. அந்த ஒரு சொல்லைத்தான் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். காலையில் நான் கொடுக்கிற டீயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். டல். ரசத்தைப் பார்க்கிறார். டல். சின்னவனின் சட்டையை இப்போதுதான் வெளுத்துக் காயப்போட்டேன், அதையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுகிறார். எனக்கு வருகிற ஆத்திரத்தில் அந்த அகராதியை அடுப்பில் வைத்துவிடலாம் போல இருக்கிறது.

சரி, நேராகவே கேட்கிறேன். அந்த மாத்தயா சொல்கிறார், நீ டைப் அடிக்கிறாய். நடுவில் இருப்பது உன் விரல்தானே? நல்ல சொல் ஒன்றும் போடச் சொல்லவில்லை. பொய் எழுதச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை விட்டுவிடு. ஒரு சொல் குறைந்தால் கொழும்பு முழுகிப்போகுமா?

உனக்குக் கொழும்பில் இந்த வேலை கிடைக்க யார் காரணம் என்று நான் சொல்லிக்காட்ட விரும்பவில்லை. ஆனால் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. இன்டர்வியூவுக்குப் போட உனக்குச் சட்டை இல்லை என்று தன் கல்யாணச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். கொட்டகலை ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்றிவிட்டு, அந்த மழையில் பெனியனோடு திரும்பி வந்தார். கேட்டவர்களிடம் எல்லாம், "எங்க வீட்டுப் பய கொழும்புல தேயிலைக் கந்தோர் வேலைக்குப் போறான்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

உன் கையில்தான் இருக்கிறது. செய்யாவிட்டால் எனக்குத் தம்பி இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

சண்முகவடிவு

---

கொழும்பு,
10.06.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம்.

இந்த மாத ரிப்போர்ட்டில் அந்தச் சொல் இருக்காது. எப்படி, ஏன் என்று ஒன்றும் கேட்காதே. மச்சானிடமும் சொல்லாதே. இனிமேல் இப்படிக் கேட்காதே.

யோகேஸ்வரன்

---

மூங்கிலோடை,
26.06.1996

தம்பி யோகேஸ்,

எழுத உட்கார்ந்தால் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. உன்னையா, இந்த மனுசனையா, என்னையா? வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ரிப்போர்ட் வந்தது. நீ சொன்னபடி அந்தச் சொல் இல்லை. அன்றைக்குப் பகல் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். உன் பேரைச் சொல்லிச் சாமிக்குச் சூடம் கொளுத்தினேன். மச்சான் மட்டும் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் துரை ஸ்டோருக்கு வந்திருக்கிறார். வாயெல்லாம் பல்லாம். "பார்த்தியா நல்லமுத்து? நான் அப்பவே சொன்னேன், ஒரு லொறி போதும்னு. கொழுந்துல ஒரு குறையும் இல்ல, நீதான் கவனமில்லாம இருந்த. இனிமே பின்னேரம் எடுக்கிற கொழுந்தை மறுநாள் காலையில ஏத்தலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இது என்ன லொறிக் கதை என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. தோட்டத்தை எடுத்து நடத்துகிற புதுக் கம்பனி மார்ச் மாதம் இரண்டாவது லொறியை வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டது. முன்னே மூன்று தடவை ஸ்டோருக்குப் போன கொழுந்து இப்போது ஒரே தடவைதான் போகிறது. காலையில் எடுத்த கொழுந்து சாக்கில் அமுங்கிக் கிடந்து பொழுதுபட்டுத்தான் ஸ்டோருக்கு வருகிறது. நாலு மாதமாக என்னோடு ஒரே கூரையில் இருக்கிற மனுசன் இதை என்னிடம் சொல்லவில்லை, தம்பி! அகராதியைப் புரட்டி நான் உன்னை நாறடித்துக்கொண்டு இருக்கும்போதும் சொல்லவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. மூன்றாம் மலை மடுவத்துக்கே நடந்து போனேன். அந்தக் கொட்டகையில் கொழுந்தை நிறுத்துச் சாக்கில் கட்டிப் போட்டிருந்தார்கள். கொழுந்தெடுக்கிற மீனம்மா என்னைப் பார்த்துவிட்டு, "டீமேக்கரம்மா, சும்மா பார்த்தா தெரியாதுங்க. கையை உள்ள வுட்டுப் பாருங்க" என்றாள். விட்டேன். வடித்த சோற்றுப் பானைக்குள் கையை விட்ட மாதிரி இருந்தது. வெளியே எடுத்த கொழுந்து சிவந்துபோய், வதங்கி, கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. நானும் கொழுந்தெடுத்தவளுடைய மகள்தானே. அந்தக் கொழுந்தைக் கொடுத்து நல்ல தேயிலை போடு என்றால் எந்த மனுசனால் முடியும்?

வீட்டுக்கு வந்து, "இதை ஏன் துரைகிட்ட சொல்லல?" என்று பிடித்தேன். மறுநாள் ஸ்டோரிலிருந்து கொழுந்துப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். கொழுந்து எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு, எப்படி இருந்தது என்று டீமேக்கர் தினமும் எழுதிக் கையெழுத்துப் போடுகிற புத்தகம். பெப்ரவரி முதல் தேதியில் அவர் கையால் 'குட்' என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே, மேற்படி என்பதற்குப் போடுவோமே இரண்டு சின்னக் கோடு, அது. அடுத்த நாள் அதே கோடு. அடுத்த பக்கத்திலும் கோடு. மார்ச், ஏப்ரல், மே, ஜூன் என்று கோடு கோடாக இறங்கி வந்திருக்கிறது, எறும்பு ஊர்ந்த மாதிரி!

"என்னங்க இது?" என்றேன்.

"எல்லா டீமேக்கரும் அப்படித்தான் போடுவாங்க வடிவு. கொழுந்து மோசம்னு எழுதினா துரையைக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிரும். வழக்கம் அப்படி."

இப்போது புரிகிறதா? கொழுந்து நல்ல கொழுந்து என்று நாலு மாதமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் கெட்டது எங்கே கெட்டது? ஸ்டோரில். கெடுத்தது யார்? டீமேக்கர். துரை கேட்டதில் என்ன தப்பு?

கடைசியில் ஒன்று சொன்னார். "இந்த மாசத்துத் தேயிலையை நான் ஊத்திப் பார்த்தேன். போன மாசத்தை விட மோசம். டல்தான். அந்தச் சொல்லு ரிப்போர்ட்ல ஏன் இல்ல?" என்று என் முகத்தையே பார்த்தார். நான் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

என்ன செய்தாய் நீ? நான் சொன்னேன் என்று நீ செய்துவிடுவதா? இப்போது என்ன செய்யப்போகிறோம்?

உன் அக்கா

---

கொழும்பு,
03.07.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம்.

நீ விட்டுவிடச் சொன்னாய், விட்டுவிட்டேன். மாத்தயா, "டல். முன்னையை விட டல்" என்றுதான் சொன்னார். பென்சிலில் எழுதினேன். டைப் அடிக்கும்போது கை அந்த இடத்துக்கு வந்து நின்றது. மச்சானின் கல்யாணச் சட்டை ஞாபகம் வந்தது. தாண்டிப் போய்விட்டேன். மாத்தயா ஒரு நாளைக்கு நூறு தாளில் கையெழுத்து வைக்கிறவர். பார்க்கவில்லை.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. படித்ததும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அக்கா, அந்த ஒரு சொல்தான் மச்சானுக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டு இருந்தது! லொறியைக் குறைத்த மாதத்திலிருந்து மாதா மாதம் அது வந்து, இங்கே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று துரையின் மேசையில் சொல்லிக்கொண்டு இருந்தது. யாரும் காது கொடுக்கவில்லை. நீ அதை வைதாய். மச்சான் அதைப் பார்த்து வெட்கப்பட்டார். நான் அதன் வாயைப் பொத்திவிட்டேன். நன்றாக இருக்கிறது நம் குடும்பம்.

செவ்வாய்க்கிழமை காலையில் மாத்தயாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தோட்டத்து டீமேக்கர் என் அக்கா புருஷன் என்பதையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் சொல்றது பிடிக்கலேன்னா ஆளுங்க சண்டை போடுவாங்க. பரவாயில்ல. நான் சொன்னதை நீ மாத்தினா, நான் எதுக்கு?" என்று மட்டும் சிங்களத்தில் கேட்டார். திருத்திய ரிப்போர்ட்டை அப்போதே வேறு ஆளிடம் கொடுத்து அடிக்கச் சொன்னார். அது நாளைத் தபாலில் துரைக்கு வருகிறது. அந்தச் சொல் அதில் இருக்கும்.

அது துரை கைக்குப் போவதற்கு முன்னால் மச்சான் அந்தப் புத்தகத்தில் உண்மையை எழுத வேண்டும். பின்னால் எழுதினால் பழியைத் தட்டிவிட எழுதியதாகத்தான் துரை சொல்லுவார். முன்னால் எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுதச் சொல். மேற்படிக் கோடு போட்டால் நான் அங்கே வந்து அந்தப் புத்தகத்தைக் கிழிப்பேன்.

யோகேஸ்வரன்

---

மூங்கிலோடை,
14.07.1996

தம்பி யோகேஸ்,

உன் கடிதம் திங்கட்கிழமை பகல் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டோருக்கே ஓடினேன். உள்ளே பொம்பளைகள் போகக் கூடாது, ரோலர் ஓடுகிறது, அப்படி இப்படி என்று காவல்காரர் ஏதோ சொன்னார். காதிலேயே வாங்கவில்லை. மச்சான் கடிதத்தை நின்றபடியே படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார் பார், அந்தப் பார்வையை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். "நீதான் கேட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார். "நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். ரோலர் சத்தத்தில் இரண்டு பேரும் கத்திக்கொண்டுதான் பேசினோம். இலை உதிர்க்கிற ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்றைக்குக் கொழுந்து ராத்திரி ஏழு மணி தாண்டி வந்தது. மச்சான் சாக்கை அவிழ்த்துக் கையை விட்டுப் பார்த்தார். பேனாவை எடுத்தார். புத்தகத்தைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார் என்று கிளாக்கர் சொல்கிறார். அந்தப் புத்தகத்தில் இங்கிலீசில்தான் எழுத வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் கொழுந்தைக் குற்றம் சொல்லி ஒரு சொல் எழுதியதில்லை, அதனால் அப்படி ஒரு சொல்லே அவருக்குத் தெரியாது. கடைசியில், தெரிந்த ஒரே சொல்லை எழுதினார். டல். பெரிய எழுத்தில், கட்டத்தைத் தாண்டி.

கிளாக்கர் சிரித்துவிட்டாராம். "கொழுந்துக்குப் போய் யாராவது டல்னு எழுதுவாங்களா, டீமேக்கர்?"

"எனக்குத் தெரிஞ்ச மத்த இங்கிலீசு எல்லாம் நல்ல சொல்லுங்க. என்ன செய்யச் சொல்றீங்க?"

மறுநாள் காலை உங்கள் திருத்திய ரிப்போர்ட் வந்துவிட்டது. துரை ஜீப்பை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார், வந்த வேகத்தில் ஜீப் வாசல்படியில் இடித்தது. புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "இது என்ன? யாரைக் கேட்டு எழுதின?" என்று சத்தம் போட்டிருக்கிறார். உன் மச்சானுக்குப் பயம்தானாம். என்னிடம் அவரே சொன்னார். ஆனாலும், "சேர், நான் இத்தன நாளும் பொய் எழுதினேன். அது என் தப்பு. நேத்து எழுதினது நெசம். மடுவத்துக்கு வந்து கையை வுட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

துரை அந்தக் கோபத்திலேயே மடுவத்துக்குப் போனார். முதல் நாள் பின்னேரத்துச் சாக்குகள் அங்கேயே கிடந்தன. மீனம்மா ஒரு சாக்கின் கட்டை அவிழ்த்து, "வேகுதுங்க ஐயா" என்று மட்டும் சொன்னாள். துரை கையை விட்டார். விட்ட வேகத்தில் எடுத்து உதறினார். கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து எங்கிருந்தோ ஒரு வாடகை லொறி பகலில் ஒரு தடவை வருகிறது. ஆனால் மச்சானின் வேலையைப் பற்றித் துரை வாயே திறக்கவில்லை. கிளாக்கர் சொல்கிறார், சொன்னது சொன்னதுதானாம். அடுத்த ரிப்போர்ட்டிலும் அந்தச் சொல் இருந்தால் வேறு ஆள்தானாம். பிள்ளைகளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சாமான் கட்ட, அரிசி போடும் மரப்பெட்டியைத் தட்டிச் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறேன்.

உன்னைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. மாத்தயா உன்னை ஒன்றும் செய்யவில்லையா?

உன் அக்கா

---

கொழும்பு,
01.08.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம்.

என்னை டைப் மிஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது சாம்பிள் அறையில் தகரடப்பாக்களுக்கு லேபல் ஒட்டுகிறேன். பரவாயில்லை, வேலை இருக்கிறது.

உங்கள் தோட்டத்து ரிப்போர்ட் இன்று தபாலில் போகிறது. அதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் மச்சான் நம்ப மாட்டார். நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

அதனால் இதோடு இரண்டு பொட்டலம் அனுப்புகிறேன். ருசி பார்த்து மிஞ்சிய தேயிலை, கழிவுப் பெட்டிக்குப் போக வேண்டியது. கேட்டு வாங்கித்தான் எடுத்தேன். ஒன்று என்று பென்சிலில் எழுதியது ஜூன் மாதத்தது. இரண்டு, ஜூலை மாதத்தது. இரண்டு வெள்ளைக் கோப்பை எடு. ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி. நன்றாகக் கொதித்த தண்ணீர். ஐந்து நிமிஷம் மூடி வை. பாலும் வேண்டாம், சீனியும் வேண்டாம். இலையை மூடியில் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து மச்சானைப் பார்க்கச் சொல். நீயும் பார்.

யோகேஸ்வரன்

---

மூங்கிலோடை,
11.08.1996

என் தம்பி யோகேஸ்வரனுக்கு,

ரிப்போர்ட் திங்கட்கிழமை வந்தது. உன் பொட்டலம் புதன்கிழமை வந்தது. நடுவில் இருந்த இரண்டு நாளும் இந்த மனுசன் என்னைப் படுத்தின பாட்டைக் கேள்.

ரிப்போர்ட்டில் அந்தச் சொல் இல்லை. 'ஃபேர்லி பிரைட்' என்று இருந்தது. துரை தாளை அவர் முன்னால் தள்ளி, "சரி, போய் வேலையைப் பாரு" என்றாராம். அவ்வளவுதான். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. நான் மரப்பெட்டியில் திரும்ப அரிசியைக் கொட்டினேன். சந்தோஷப்பட வேண்டியதுதானே? உன் மச்சானா?

"ஃபேர்லின்னா என்ன?" என்றார். அகராதியைப் பார்த்து, ஓரளவு என்றேன். "ஓரளவா? முழுசா பிரைட் இல்லியா?" என்று அரைநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மறுநாள் வேறு சந்தேகம். கீழே மூலையில் உன் எழுத்து இல்லை, வேறு யாரோ எழுத்து. "உன் தம்பி அந்த ஆள்கிட்ட சொல்லி வச்சிருப்பானோ?" என்றார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். வைக்காவிட்டால் எறிந்திருப்பேன்.

பிறகு உன் பொட்டலம் வந்தது. கிளாக்கர் வீட்டில் வெள்ளைக் கோப்பை இரண்டு இரவல் வாங்கினேன். நீ சொன்ன மாதிரியே ஊற்றி, மூடி, கடிகாரத்தைப் பார்த்து, இலையை மூடியில் கவிழ்த்து ஜன்னலில் வைத்தேன். மூத்தவள், சின்னவன், நான், அவர், நாலு பேரும் வரிசையாகக் குனிந்து பார்த்தோம்.

தம்பி, அந்தச் சொல்லை நான் அகராதியில் பார்த்திருக்கிறேன், கனவில்கூடப் பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். ஒன்றாம் கோப்பையில் இலை கறுத்து, சாயம் குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. இரண்டாம் கோப்பையில் இலை செம்பாக மின்னியது. சாயத்தில் கோப்பையின் அடி தெரிந்தது. சின்னவன்கூட விரலை நீட்டி, "இதுதான் நல்லது" என்றான். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

மச்சான் இரண்டாவதை எடுத்து உறிஞ்சினார். வாயில் வைத்துக்கொண்டே நின்றார். கண் கலங்கிவிட்டது, திரும்பி நின்றுகொண்டார். அப்படியே நின்றுகொண்டு, "கொழுந்தை வாட்டுறதுல இன்னும் ஒரு மணி நேரம் கூட வச்சிருந்தா முழு பிரைட்டே வந்திருக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிறகு ஒன்றாம் கோப்பையையும் எடுத்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். "இதுவும் நான் போட்டதுதானே" என்றார்.

இப்போது கொழுந்துப் புத்தகத்தில் அவர் கோடு போடுவதில்லை. தினமும் ஒரு சொல் எழுதுகிறார். அதற்காக அகராதியையே ஸ்டோருக்குக் கொண்டுபோய்விட்டார். மூத்தவள் பரீட்சைக்குப் படிக்க அகராதி இல்லாமல் அழுகிறாள். இவர் பொழுதுபட்டும் வீட்டுக்கு வராமல், அன்றைய கொழுந்துக்குச் சரியான சொல்லைத் தேடிக்கொண்டு அங்கே நிற்கிறார். சோறு ஆறிப்போகிறது. நான் யாரிடம் போய்ச் சொல்ல?

தம்பி, நான் உன்னைத் தம்பி இல்லை என்று எழுதினேன். நான் கேட்டதற்காக நீ உன் நாற்காலியை இழந்தாய். நாலு வருஷம் காத்திருந்து கிடைத்த நாற்காலி என்று எனக்குத் தெரியும். நீ அதை ஒரு வரியில் பரவாயில்லை என்று எழுதிவிட்டாய்.

நேற்று உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். இந்த நாலு மட்டுமில்லை, நீ கொழும்பு போன நாளிலிருந்து போட்டது எல்லாம். எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றுதான். நான் நலம். அங்கே தமிழன் என்று பொலிஸ் பதிவுக்கு அலைந்த மாதமும் நலம். காய்ச்சலில் கிடந்தாய் என்று வேறு ஆள் வந்து சொன்ன மாதமும் நலம். டைப் மிஷினிலிருந்து எடுத்த மாதமும் நலம். மச்சானின் புத்தகத்தைப் பார்த்த மாதிரியே இருந்தது எனக்கு.

சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? அந்த டப்பா அறையில் உன்னோடு யாராவது பேசுகிறார்களா? எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை உண்மையை எழுது. எந்தச் சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் தாங்குவோம். கோடு மட்டும் போடாதே.

உன் அக்கா,
சண்முகவடிவு